பன்னிரண்டு டாங்கிகளைக் கழுவிய விவரம்

பிரியமும் மரியாதையுமாக மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் அத்தை, நீங்கள் கிளம்பும்போது ஒழுகிக்கொண்டிருந்த வாசல் குழாய் ஆகிய மூவரும் சௌக்கியம். குழாய் இன்னும் ஒழுகுகிறது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். உட்கார்ந்து, முடிந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கவும். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனது எல்லாம் உங்கள் டாங்கிகளுக்குத்தான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் ‘பரவாயில்ல மாமா’ என்பீர்கள். கல்யாணம் ஆகி முப்பது மாதம் ஆகிறது. இந்த முப்பது மாதத்தில் நீங்கள் என்னிடம் பேசியது மொத்தமே மூன்று வாக்கியம்: ‘வாங்க மாமா’, ‘சரிங்க மாமா’, ‘பரவாயில்ல மாமா’. உங்கள் காலை நான் மிதித்தபோதும் பரவாயில்லை, உங்கள் மூக்குக்கண்ணாடிமேல் நான் உட்கார்ந்தபோதும் பரவாயில்லை. நானும் பதிலுக்கு ‘சாப்டீங்களா’ என்பதைத் தாண்டியதில்லை. நடுவில் என் மகள் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த விஷயத்துக்கும் நீங்கள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் எனக்குத் தாங்காது. கடிதம் என்றால் நீங்கள் வந்து சேர்வதற்குள் நிதானமாகப் படித்து, முறையாகக் கோபப்பட நேரம் இருக்கும்.

மூன்று மாத வேலைக்குக் கிளம்பிய அன்று அந்த அட்டைப்பெட்டியை முன்னறை மேஜைமேல் வைத்து, ‘மாமா, இது இங்கயே இருக்கட்டும்’ என்றீர்கள். அது நாலாவது வாக்கியம். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். என்ன, ஏது என்று கேட்காமல் ஒன்பது நாள் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பத்தாவது நாள் பெட்டியின் மூலையில் எறும்பு ஊர்வதைப் பார்த்தேன். உங்கள் அத்தை எறும்பே கிடையாது என்கிறாள். அவள் வந்து பார்ப்பதற்குள் அது போயிருக்கும். திறந்தேன். உள்ளே பன்னிரண்டு டாங்கிகள், ஒவ்வொன்றும் ஒரு சோப்புக் கட்டி அளவு. பொம்மைக் கடை டாங்கிகளை வாங்கி, அறுத்து, ஒட்டி, வர்ணம் அடித்து, அந்தக் காலத்து உலகப் போரில் ஓடிய டாங்கிகளாக மாற்றி, சிநேகிதர்களோடு ஒரு பெரிய மேஜைமேல் பழைய சண்டைகளை மறுபடி ஆடுகிறீர்கள் என்று என் மகள் முன்பே சொல்லியிருக்கிறாள். நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு என் கண்ணில் டாங்கி படவில்லை மாப்பிள்ளை, சேறுதான் பட்டது. சக்கரத்தில் சேறு, சங்கிலிப் பட்டையில் சேறு, பீரங்கிக் குழாய் வரைக்கும் சேறு.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் பஸ் டிப்போவில் வண்டி கழுவும் கொட்டகைக்கு மேற்பார்வையாளர். கழுவி முடித்த வண்டியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் துணியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓர் இழு இழுப்பேன். துணி வெள்ளையாகவே இருந்தால் வண்டி வெளியே போகும். இல்லையென்றால் திரும்பக் கொட்டகைக்கு. டிப்போவில் எனக்கு ‘வெள்ளைத்துணி’ என்றே பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், பிறகு சம்பளப் பட்டியலில் எழுதாததுதான் பாக்கி. அப்படிப்பட்டவன் முன்னால் சேறு அப்பிய பன்னிரண்டு வண்டிகளை வைத்துவிட்டுப் போனால் அவன் என்ன செய்வான்? இவ்வளவு அருமையாகச் செய்தவருக்குக் கழுவ மட்டும் நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, நாமாவது செய்து வைப்போம், வந்து பார்த்ததும் கூட ரெண்டு வார்த்தை பேசமாட்டாரா என்று நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைத்தேன்.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், சோப்புத் தூள், உங்கள் அத்தையின் பழைய பல் பிரஷ். அது பழைய பிரஷ் இல்லை என்பது மறுநாள் காலையில் தெரிந்தது, அதைப் பற்றி நானும் அவளும் இன்னும் பேசி முடிக்கவில்லை. முதல் மூன்று டாங்கிகள் சமர்த்தாகக் கழுவ இடம் கொடுத்தன. நாலாவதில் சேறு இடுக்குக்குள் போய் இறுகிக் கிடந்தது. சரி என்று பரண்மேல் இருந்த கேனை இறக்கினேன். நான் ஓய்வுபெற்ற அன்று மற்றவர்களுக்கெல்லாம் கைக்கடிகாரம் கொடுத்தார்கள், எனக்குப் பிசுக்கு எடுக்கும் திரவம் ஐந்து லிட்டர் கொடுத்தார்கள், நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். அதில் ஊறப் போட்டதும் சேறு போயிற்று. கூடவே பச்சையும் போயிற்று. தண்ணீர் பச்சையாகி டாங்கி சாம்பலாகிவிட்டது. ஒன்று மட்டும் சாம்பலாக இருந்தால் நன்றாக இராது என்று மிச்சப் பதினொன்றையும் போட்டேன். அப்போது என்னென்னவோ கழன்று மிதந்தது. ஒரு பற்பசை மூடி, ரீஃபில் துண்டு, துடைப்பக் குச்சி, நூல், சுருட்டி ஒட்டிய தாள். இவ்வளவு குப்பை எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, வண்டியில் இருந்து கழன்றதை எறிவது டிப்போவில் பெரிய குற்றம் என்பதால், எந்த டாங்கி, எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதிக் கட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். தாள் மட்டும் கரைந்துவிட்டது. நான் செய்ததில் உருப்படியான காரியம் அந்த டப்பா ஒன்றுதான்.

பிறகு ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சியிருந்த பச்சை எனாமல் இரண்டு கை. காய்ந்ததும் கார் மெழுகு. பக்கவாட்டில் மஞ்சளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண், டிப்போ எழுத்தில். வெள்ளைத் துணியால் இழுத்துப் பார்த்தேன், பன்னிரண்டும் தேறின. வரிசையாக ஜன்னலில் நிறுத்தி உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பச்சை மிளகாய் காயப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அவளுக்கு எதையும் சட்டென்று பாராட்டிப் பழக்கமில்லை என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு நாள் அந்த ஜன்னலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்தேன். ஐந்தாம் நாள் உங்கள் சிநேகிதர் கண் டாக்டர் வந்தார். நீங்கள் திரும்பி வரும் வாரத்து ஞாயிற்றுக்கிழமை உங்கள் டாங்கி ஆட்டச் சங்கத்தில் வருடாந்தரப் பெரிய ஆட்டம், நீங்கள் ஒரு பக்கத்துப் படை, அவர் எதிர்ப்பக்கம், இந்த வருடம் உங்கள் டாங்கிகளை இதுவரை கண்ணில் காட்டவே இல்லை, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். எதிரியை உள்ளே விடலாமா என்று யோசித்தேன். ஆனால் பெருமை யாரை விட்டது, ஜன்னலைக் காட்டினேன். மனிதர் சட்டைப்பையிலிருந்து கண் பார்க்கிற சின்ன டார்ச்சை எடுத்து, முதல் டாங்கியிலிருந்து கடைசி டாங்கிவரை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சேறு எங்க சார்?” என்றார்.

“கழுவிட்டேன்” என்றேன்.

“கழுவிட்டீங்களா” என்றார். “சார், உங்க மாப்பிள்ளை போடுற சேறு சும்மா சேறு இல்ல சார். நாலு மாச ஞாயித்துக்கிழமை உழைப்பு.”

அப்புறம் அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அழுக்கை மெனக்கெட்டு வரைவார்களாம். துருவை வரைவார்களாம். வெயிலில் வர்ணம் வெளுத்ததை வரைவார்களாம். உங்கள் சங்கத்தில் அதற்கு உங்களை மிஞ்ச ஆளில்லையாம். பற்பசை மூடிதான் டாங்கிக்காரர்களின் தண்ணீர் வாளி, ரீஃபில் துண்டுதான் புகைக்குழாய், துடைப்பக் குச்சி ரேடியோ கம்பி, நான் கரைத்த தாள் அவர்களுடைய படுக்கைச் சுருள். அதற்கும் மேலே ஒன்று சொன்னார். அன்று காலையில் அந்தப் போர்க்களத்தில் டாங்கி எப்படி இருந்திருக்குமோ அப்படி இல்லாத டாங்கி மேஜை ஏறக்கூடாது என்பது சங்கத்து விதி. இந்த வருடம் ஆடப்போகிற சண்டை நடந்த, இரண்டு நாள் முன்னால் வரை மழை கொட்டிய ஆற்றங்கரையில் ஜன்னல் பச்சையில் மெழுகு போட்ட டாங்கியா? ஏற்றவே மாட்டார்களாம். ஒரு வருடமாக நீங்கள் தயார் செய்த ஆட்டத்தில் உங்களுக்குப் படையே இல்லை. டாக்டர் எதிரியாக இருந்தும் நல்ல மனிதர், போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், துக்க வீட்டில் தட்டுகிற மாதிரி.

அடுத்து வந்த ஞாயிறு மத்தியானமே உங்கள் சங்கத்துக்குப் போனேன். தையல் கடைக்கு மேலே அந்த மாடி அறையை நீங்கள் என்னிடம் காட்டியதே இல்லை, நானும் கேட்டதில்லை. இரட்டைக் கட்டிலை விடப் பெரிய மேஜை, அதன்மேல் டி.வி. பெட்டிக்குள் வைத்து வருகிற தெர்மாகோல் அட்டையில் செதுக்கின குன்று, வார்னிஷ் ஊற்றின ஆறு. வார்னிஷ் ஆற்றை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டேன். சங்கத் தலைவர் ரொட்டிக் கடைக்காரர், பெரிய கைகள், அந்தக் கைகளில் மூன்று முடி உள்ள தூரிகை. நடந்ததைச் சொல்லி, திரும்பச் சேறு பூச வேண்டும், சொல்லித்தாருங்கள் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், எந்தச் சேறு என்று கேட்டார். சேற்றில் எத்தனை சேறு இருக்கிறது? மழை நின்று எத்தனை நாள், வயல் மண்ணா ரோட்டு மண்ணா, வண்டி வேகமாக வந்ததா நின்று நின்று வந்ததா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று வரிசையாகக் கேட்டார். முப்பத்து நான்கு வருடம் நான் டிரைவர்களிடம் கேட்ட அதே கேள்விகள் மாப்பிள்ளை. நான் திட்டுவதற்காகக் கேட்டேன், அவர் வரைவதற்காகக் கேட்கிறார். நான் அப்படியே அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் செய்ததையெல்லாம் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கிள்ளிப் பழுப்பு வர்ணத்தில் தொட்டு, முக்கால்வாசியைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, டாங்கியின் ஓரங்களில் மெல்ல ஒற்றுகிறார்கள், வர்ணம் பெயர்ந்த மாதிரியே ஆகிவிடுகிறது. சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவினால் புழுதி. சலித்த மண்ணைப் பசையில் குழைத்தால் சேறு. எல்லாம் அழகுதான், ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. சேற்றை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பூசியிருந்தார்கள். சேறு அப்படி உட்காராது. பின்சக்கரத்துக்குப் பின்னால்தான் அள்ளி அடிக்கும், முன்பக்கம் கீழ்ப்பாதியில் நிற்கும். டீசல் மூடிக்குக் கீழே எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இறங்கும். ஏறுகிறவன் ஒரே பக்கமாகத்தான் ஏறுவான், அந்தப் படியில் மட்டும் வர்ணம் தேய்ந்து இரும்பு மின்னும். நான் இதை மெதுவாகச் சொன்னேன். ரொட்டிக் கடைக்காரர் தன் டாங்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து என்னை அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைக்கிறார்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சந்தேகம். அழுக்கைப் பார்த்தவுடன் கழுவச் சொல்லியே காலம் போயிற்று, நின்று பார்த்தது எப்போது? ஆகவே மழை பெய்து இரண்டாம் நாள் நோட்டுப் புத்தகத்தோடு டிப்போவுக்குப் போனேன். நாலு வருடம் கழித்து. வாயிற்காவலர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உள்ளே யாரோ ‘வெள்ளைத்துணி வந்திருக்கார்’ என்று குரல் கொடுத்ததும் கொட்டகையில் மூன்று பேர் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னாலேயே ஓடி, அந்த வண்டியைக் கழுவாதீங்க, ஒரு அரை மணி நேரம் அப்படியே விடுங்க என்று கெஞ்சினேன். ஒருவரும் நகரவில்லை. இது ஏதோ பரீட்சை என்று நினைத்துக்கொண்டார்கள். கொட்டகையில் மூத்தவர், என்னிடம் இருபது வருடம் திட்டு வாங்கிய அம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“சேத்தப் பாத்தாலே எங்க உசிர எடுப்பீங்க. இப்ப கழுவாதன்றீங்க. உடம்புக்கு என்னங்க?”

உடம்புக்கு ஒன்றுமில்லை, மாப்பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது என்றேன். அவர் உடனே அலுவலகத்துக்குப் போய் உங்கள் அத்தைக்குப் போன் போட்டிருக்கிறார். அதெல்லாம் தெரியாமல் நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வரைந்துகொண்டிருந்தேன். என்ன சொல்வது, அப்படி ஓர் அதிசயம். மேலே காய்ந்த சேறு சாம்பல் நிறம், கீழே ஈரச் சேறு கறுப்பு, இரண்டுக்கும் நடுவில் ஓர் அழுத்தமான பழுப்புக் கோடு, மழை நின்ற நேரம் அந்தக் கோட்டில் எழுதியிருக்கிறது. நேற்று வந்த சேற்றின்மேல் இன்று வந்த சேறு தனியாகத் தெரிகிறது. இத்தனை வருடம் இதைத்தான் நான் கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறேனா என்று இருந்தது. அடுத்த வண்டி உள்ளே வந்து பள்ளத்தில் ஏறி இறங்கியதில் தலையிலிருந்து கால்வரை சேறு. அதையும் துடைக்காமல் வீட்டுக்கு நடந்தே வந்தேன், சட்டையில் எங்கெங்கே எப்படி விழுந்திருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருந்தது. வாசலிலேயே உங்கள் அத்தை மறித்து, குழாயடியில் நில்லுங்கள் என்றாள். நின்றபடியே நோட்டுப் புத்தகத்தில் சட்டையை வரைந்து முடித்தேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் வீட்டில் மண்தான். வயல் மண், ஆற்று மண், ரோட்டோரப் புழுதி என்று எட்டு வகை. டீ வடிகட்டியில் சலித்து, கிடைத்த டப்பாவிலெல்லாம் போட்டு மூடி வைத்தேன். அதில் ஒன்று காலியான காபித்தூள் டப்பா. ஒருநாள் கண் டாக்டர் என் முன்னேற்றத்தைப் பார்க்க வந்தபோது உங்கள் அத்தை அவருக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டாள். முழுதும் குடித்தார். தூள் கொஞ்சம் தூக்கல், ஆனால் மணம் நன்றாக இருக்கிறது என்றார். ஆற்றங்கரை மண் பாருங்கள், மணமில்லாமல் இருக்குமா. நாங்கள் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம், ஆட்டம் முடியட்டும்.

மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பித்தேன். ரொட்டிக் கடைக்காரர் கலந்து கொடுத்த மங்கல் பச்சை, பிறகு வெளுப்பு, பிறகு தேய்மானம், பிறகு டீசல் கோடு, கடைசியில் சேறு. டப்பாவிலிருந்த உறுப்புகளைச் சீட்டைப் பார்த்துப் பார்த்து அந்தந்த இடத்தில் ஒட்டினேன். படுக்கைச் சுருள் எனக்கு வரவில்லை, உங்கள் அத்தைதான் புதிதாகச் சுருட்டிக் கொடுத்தாள். பன்னிரண்டையும் முடித்து வரிசையாக நிறுத்தியபோது நான் வாய்விட்டே சபாஷ் சொல்லிக்கொண்டேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“பன்னெண்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணாதான போச்சு?” என்றாள். “முன்னாடி போனது மேல யாரு சேறடிச்சா?”

நான் உட்கார்ந்துவிட்டேன் மாப்பிள்ளை. உங்கள் சங்கத்தில் முப்பது வருடம் டாங்கி செய்கிற ரொட்டிக் கடைக்காரருக்குத் தோன்றவில்லை, டிப்போக்காரன் எனக்குத் தோன்றவில்லை. வரிசையில் போனால் முதல் வண்டி தன் சேற்றை மட்டும்தான் சுமக்கும், பின்னால் வருகிறது முன்னால் போகிறதன் சேற்றையும் முகத்தில் வாங்கும். முன்வண்டி உழுதுவிட்டுப் போன தடத்தில் வயிறு உரசப் போகிற பன்னிரண்டாவதன் கதி என்ன? பன்னிரண்டையும் மேஜையில் வரிசைப்படுத்தி, எது எதற்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் என்று இருவரும் அளந்தோம். ஏழாம் நம்பரில் எனக்கும் அவளுக்கும் தகராறு. அது நடுவில் ஒருதரம் நின்று, ஒதுங்கி, திரும்ப வரிசையில் சேர்ந்திருக்கும் என்றாள். எதற்காக என்றேன். எல்லா வரிசையிலும் ஒன்று அப்படி இருக்கும் என்றாள். ஏழாம் நம்பருக்கு அவளே சேறு போட்டாள், ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைச்சல். சொல்லக் கூடாது, பன்னிரண்டில் அதுதான் நன்றாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஐந்தாம் நம்பரின் மேல்மூடி கழன்றபோது உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார், அரிசி அளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சட்டைக்குப் பித்தான்கூட வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கை, இருக்கைக்கு ஓரத் தையல். மூடியை ஒட்டிவிட்டால் இதை எந்தக் கடவுளும் பார்க்க முடியாது. பிறகு எதற்கு இது? நான் டிப்போவில் இருக்கைக்கு அடியில் கழுவச் சொல்வேன். பயணி யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை, எதற்கு என்று என்னைக் கேட்டவர்களுக்கு நான் ஒருநாளும் சரியாகப் பதில் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஒரே மேஜையில் முப்பது மாதம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ‘சாப்டீங்களா’ கேட்டுக்கொண்டிருந்தோமே, அந்த நேரத்தில் இதைக் கேட்டிருக்கலாம் என்று வருத்தமாக இருக்கிறது.

நான் பூசிய சேறு உங்கள் சேறு ஆகாது. அது எனக்குத் தெரியும். நாலு மாதத்து உழைப்பை ஒரு மத்தியானத்தில் வாளியில் கரைத்தவன் நான். என்னிடம் இனி ஒரு பொருளையும் நம்பி வைக்க மாட்டீர்கள், அது நியாயம். ஒரே ஒரு வேண்டுகோள். வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ‘பரவாயில்ல மாமா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். திட்டுங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டுங்கள். சொந்தப் பிள்ளையே கத்தித் தீர்க்கிறான் என்று நினைத்துக்கொள்வேன், எனக்கு அது போதும்.

மகளுக்கு என் ஆசீர்வாதம், உங்களுக்கும் அதில் சரிபாதி. இருவரும் பத்திரமாக வந்து சேருங்கள். உங்கள் அத்தை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், பிரஷ் விஷயத்தையும் மறக்காமல் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறை ஒட்டப் போகும் நேரத்தில் என் மகள் போன் செய்தாள். உங்கள் அத்தையிடம் ரகசியம் அரை நிமிஷம் நிற்குமா, மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு. என்னைக் கூப்பிட்டு என் மகள் சொன்ன விவரம் இது. நீங்கள் கிளம்பிய அன்று வாசலில் வண்டியிலிருந்து இறக்கும்போது அந்தப் பெட்டி கைநழுவித் திறந்து, டாங்கிகள் மொத்தமும் நம் ஒழுகுகிற குழாயடிச் சேற்றில் கொட்டியிருக்கின்றன. அது நிஜச் சேறாம். கழுவ நேரமில்லை, மாமனாரிடம் கழுவச் சொல்லவும் கூச்சம். அப்போது நீங்கள்தான் அவளிடம் சொன்னீர்களாம், ‘மாமா கண்ணு முன்னாடி வெச்சிட்டுப் போனாப் போதும், கேக்கவே வேணாம், அவரால பாத்துக்கிட்டு இருக்க முடியாது’ என்று. அத்தோடு நிற்கவில்லை. இந்த வருடத்து ஆட்டத்தில் உங்கள் பன்னிரண்டும் சண்டை நடந்த அன்று காலைதான் தொழிற்சாலையிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிற புத்தம்புது டாங்கிகளாம். ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாதாம். பழைய வர்ணத்தைக்கூட நீங்களே சுரண்டிவிட்டுப் பளபளவென்று அடிக்கத்தான் இருந்தீர்களாம். எதிரிக்குத் தெரியக் கூடாது என்று டாக்டரிடம் மட்டுமல்ல, சங்கத்தில் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லையாம். ஆக, மிளகாய் காயப் போட்ட மாதிரி ஜன்னலில் நின்றதே, அதுதான் சரியாம், மஞ்சள் எண் உட்பட.

அப்புறம் நீங்கள் போனை வாங்கினீர்கள். ‘என்ன மாமா நீங்க, யாரு உங்கள சேறு பூசச் சொன்னது? அப்படியே விட்ருக்கக் கூடாதா? புத்தி வேணாமா மாமா?’ என்று ஆரம்பித்து, என் மகள் போனைப் பிடுங்கும் வரை நிறுத்தவில்லை. பதினோரு நிமிஷம், உங்கள் அத்தை கடிகாரம் பார்த்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன், அந்த அரிசி அளவு மனிதரைப் பற்றிக் கேட்டதற்குத் திட்டும் அவசரத்தில் நீங்கள் பதில் சொல்லவில்லை.

போனை வைத்ததும் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, சோப்புத் தூள் போட்டு, பிரஷை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆகிறது, தண்ணீர் ஆறிவிட்டது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்குக் கழுவக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை நீங்களே வந்து கழுவிக்கொள்ளுங்கள், நான் வெளியே போய்விடுகிறேன். ஏழாம் நம்பரை மட்டும் தொட வேண்டாம். அதை உங்கள் அத்தை எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.